ஆறு நாளில் ஐந்து வெற்றி

ஆசிரியருக்கு வணக்கம்.

பந்தைக் கையில் ஏந்தி ஓடி ஆடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து என்றாலே பெரிய பல்கலைக்கழகங்களைப் பற்றித்தான் எழுதுகிறோம். டென்னசி மாநில மலைமேல் இருக்கும் செவானி என்ற சின்னஞ்சிறு பல்கலைக்கழகத்தையும் வாசகர்கள் அறிய வேண்டும்.

1899 நவம்பர் 9-ல் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழக அணியை 12-0, மறுநாள் ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை 10-0, 11-ல் நியூ ஆர்லியன்ஸில் டுலேனை 23-0 என வென்றது செவானி. ஞாயிறு ஓய்வு. 13-ல் பேட்டன் ரூஜில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை 34-0, 14-ல் மெம்பிஸில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தை 12-0. இத்தனைக்கும் ஊர்விட்டு ஊர் ரயிலில்தான் பயணம். அந்தப் பருவத்தின் 12 ஆட்டங்களிலும் வெற்றி. எதிரணிகளில் புள்ளி எடுத்தது ஆபர்ன் கல்லூரி அணி மட்டுமே, அதுவும் 11-10.

இன்றைய விதிகளை வைத்து இதை எடைபோடக் கூடாது. அன்று டச்டவுனுக்கு, அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பதற்கு, 5 புள்ளிதான். மூன்று முயற்சியில் ஐந்து கஜம் முன்னேற வேண்டும். பந்தை முன்னோக்கி எறிவது 1906 வரை கிடையாது. ஆகவே ஒவ்வொரு கஜத்தையும் உடம்பால் முட்டித்தான் பிடிக்க வேண்டும். வெளியேறியவர் திரும்ப ஆட முடியாது என்பதால், அடிபட்டாலும் களத்திலேயே நிற்பார்கள். அடுத்தடுத்த நாளில் அதே உடம்போடு இறங்கியது அசாத்தியமான காரியம்.

பின்னாளில் ‘தென்கிழக்கு மாநாடு’ (Southeastern Conference) என்ற பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பில் நிறுவன உறுப்பினரான செவானி, அங்கே ஆடிய 37 கூட்டமைப்பு ஆட்டங்களிலும் தோற்று, 1940-ல் விலகியது. இப்போது கல்லூரி விளையாட்டில், விளையாட்டு உதவித்தொகையே இல்லாத மூன்றாம் பிரிவில் ஆடுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்