ஷெல் கையேட்டில் மேற்கோள் குறிக்கும் வேலை உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கட்டற்ற மென்பொருள்களின் ஆவணங்களில் ஒரு சிறுகோட்டையோ மேற்கோள் குறியையோ திருத்திவிட்டு, அதைத் தம் தகுதிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் மாணவர்களைக் கேலி செய்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தங்கள் இதழில் படித்தேன். அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. 2020 அக்டோபரில், இலவச டி-சட்டைக்காகப் பலர் அனுப்பிக் குவித்த வெற்றுத் திருத்தங்களால் பராமரிப்பாளர்கள் திணறிப்போக, கட்டற்ற மென்பொருள்களுக்குத் திருத்தம் அனுப்புவோரை ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின் விதியை மாதம் தொடங்கிய சில நாள்களிலேயே மாற்ற நேர்ந்தது. ஆயினும் நாம் தட்டும் கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் ஷெல் என்ற நிரலின் கையேட்டையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

டெர்மினல் எனப்படும் கட்டளைத் திரையில் நாம் தட்டும் வரியை ஷெல் எழுத்தெழுத்தாகப் படிக்கிறது. பரவலாகப் புழங்கும் ஷெல்லான பாஷில் இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறியோடு வரும் மாறிக்குப் பதில் அதன் மதிப்பு வந்து உட்காரும். ஒற்றை மேற்கோளுக்குள் அப்படி நடக்காது. பேக்டிக் எனப்படும் சாய்ந்த குறிகளுக்கு நடுவில் இருப்பதோ தனிக் கட்டளையாகவே ஓடிவிடும். அச்சுக்கு அழகான வளைந்த மேற்கோளுக்கு மட்டும் அங்கே எந்த வேலையும் இல்லை. கோப்புகளுக்குள் சொல்லைத் தேடும் கிரெப் கட்டளைக்கு இரண்டு சொற்களை வளைந்த மேற்கோளுக்குள் கொடுத்தால், அது முதற்சொல்லை அதில் ஒட்டிய குறியோடு சேர்த்துத் தேடும். இரண்டாம் சொல்லைக் கோப்பின் பெயராக எடுத்துக்கொண்டு, அப்படியொரு கோப்பே இல்லை என்று சொல்லிவிடும். கையேட்டிலிருந்து வரியை அப்படியே நகலெடுத்து ஒட்டிய மாணவருக்குத் தவறு எங்கே என்று எப்படித் தெரியும்?

நம் மொரீசியஸ் தீவில் இந்தத் தொல்லை இன்னும் ஒரு படி கூடுதல். வேர்டில் பிரெஞ்சு மொழியைத் தேர்ந்துவிட்டுப் பாடக்குறிப்பு தட்டினால், நேரான மேற்கோள் தானாகவே பிரெஞ்சு மேற்கோளாக மாறி, அதனுள் உடையா இடைவெளி ஒன்றும் புகுந்துவிடுகிறது. கண்ணுக்கு அது சாதாரண இடைவெளிதான். ஷெல்லுக்கோ அது இன்னோர் எழுத்து. ரோஸ் ஹில்லில் சனிக்கிழமைகளில் லினக்ஸ் வகுப்பெடுக்கும் எனக்கு, பிள்ளைகள் கொண்டுவரும் குறிப்புகளில் இத்தகைய வரிகளைக் காண்பது வாடிக்கையாகிவிட்டது.

கையேடு தயாரிக்கும் கருவிகளும் இதில் சளைத்தவை அல்ல. ஆவணம் எழுத உதவும் எளிய குறியீட்டு முறையான மார்க்டவுனில் கட்டளையின் இருபுறமும் ஒவ்வொரு பேக்டிக் போதும். ஃபிஷ் என்ற இன்னொரு ஷெல்லின் ஆவணங்கள் எழுதப்படும் ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் முறையில் இரண்டிரண்டு வேண்டும். அங்கே குறியை அறவே விட்டுவிட்டால், அதைப் பக்கங்களாக மாற்றும் ஸ்ஃபிங்க்ஸ் கருவி தன் இயல்பான அமைப்பில் தெரிவுக்கு (கட்டளையின் போக்கை மாற்ற அதனோடு சேர்க்கும் சொல்லுக்கு) முன்னுள்ள இரண்டு சிறுகோடுகளை ஒரே நீள்கோடாக இணைத்துவிடும். அதை நகலெடுத்து ஒட்டினால் கட்டளைக்கு அது தெரிவாகவே தெரியாது. டெர்மினலிலேயே படிக்கும் கையேடுகளான மேன் பக்கங்களை வடிவமைத்துக் காட்டும் குரோஃப் கருவியின் 2023-இல் வெளிவந்த 1.23 பதிப்பு, அவற்றின் மூலத்தில் சரியாகக் குறிக்கப்படாத சிறுகோடுகளை யூனிகோடின் வேறொரு கோடாகக் காட்டியதால், பக்கத்துக்குள் ஒரு தெரிவைத் தேடுவதுகூடச் சிக்கலாயிற்று. லினக்ஸ் வெளியீடுகளுள் ஒன்றான டெபியன் அதைப் பழையபடி மாற்றி வைத்துக்கொண்டது. மூலப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருத்துவதே முறையான வழி என்பேன். அது அலுப்பூட்டும் வேலைதான், அதனாலேயே அதைச் செய்வோரைக் கேலி செய்வது எனக்கு உறுத்துகிறது.

ஒரு குறி என்ன செய்துவிடும் என்று கேட்போருக்கு, 2011-இல் பம்பிள்பீ மென்பொருளின் நிறுவல் நிரலில் நடந்ததைச் சொல்லலாம். அது கையேடு அன்று, நிரல்தான். யுஎஸ்ஆர் என்ற அடைவின் (கோப்புறையின்) பெயருக்குப் பின் விழுந்த வேண்டாத ஓர் இடைவெளியால், உள்ளே இருந்த ஒன்றை மட்டும் நீக்க வேண்டிய கட்டளை அந்த அடைவு முழுவதையும் பயனர்களின் கணினியில் அழித்தது. 1998-இல் மொரீசியஸின் புதிய ரூபாய்த் தாள்களில் தமிழ் வரி மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டபோது எதிர்ப்பெழுப்பி அவற்றைத் திரும்பப் பெறச் செய்த நம் தீவின் தமிழருக்கு, அச்சில் எது எங்கே நிற்கிறது என்பதன் கனத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. தங்கள் கணினிப் பகுதியில் கட்டளைகளை அச்சிடும்போது, சம அகல எழுத்துருவில், நேரான மேற்கோளோடு, வரியின் முடிவில் முறிக்காமல் அச்சிட்டு உதவுங்கள். இணையப் பதிப்பிலும் அவ்வாறே இருந்தால் மாணவர்கள் அதை நேராக நகலெடுத்துப் பயன்படுத்த இயலும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ரோஸ் ஹில், மொரீசியஸ்.