குளிர்காலக் கரண்ட் பில்: ஏற்காடு, சேலம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியதும் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, “கரண்ட் கம்மியா இழுக்கிற ரூம் ஹீட்டர் எது?” என்றுதான். ஆயில் ஹீட்டர், ப்ளோயர், ராடு ஹீட்டர், எதுவானாலும் ஒரு யூனிட் கரண்டுக்குக் கிடைக்கிற சூடு ஒன்றேதான். ஆயில் ஹீட்டரில் சத்தம் இல்லை, அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் கதகதப்பு நிற்கும். படுக்கையறைக்கு அது நல்லது. ஆனால் பில் குறையும் என்று நம்பி வாங்க வேண்டாம். உண்மையிலேயே குறைப்பது சூடும் தருகிற ‘ஹாட் அண்ட் கோல்ட்’ ஏசி. வெளிக்காற்றில் உள்ள சூட்டை உள்ளே கொண்டுவருவதால், நம் மலைக் குளிரில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் மூன்று யூனிட் அளவு சூடு தரும். விலைதான் அதிகம்.

கணக்கைப் பாருங்கள். 2000 வாட் ஹீட்டர் இடையில் தானாகக் கட் ஆகாமல் ராத்திரி 4 மணி நேரம் ஓடினால் 8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். இதோடு வீட்டின் மற்ற கரண்ட் செலவும் சேர்ந்து, மின்வாரியத்தின் இரண்டு மாதக் கணக்கில் 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும்.

அதனால் ஹீட்டரை மாற்றும் முன் ஜன்னல், கதவு இடுக்குகளை அடைத்துவிடுங்கள். காற்று வீசும் சாயங்காலத்தில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, ஜன்னல் சட்டத்தை ஒட்டியும் கதவின் அடியிலும் மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக எழாமல் எங்கே சாய்கிறதோ, அங்கேதான் உங்கள் காசு போகிறது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ரப்பர் பட்டையை அங்கே ஒட்டினால் போதும். பழைய ஓட்டு வீடுகளில் சூடு மேலே ஏறி ஓட்டு இடுக்கு வழியே போய்விடும். படுக்கையறைக்கு மட்டுமாவது சீலிங் போட்டால் அந்தக் குளிர்காலத்திலேயே வித்தியாசம் தெரியும்.

ஒன்றே ஒன்று: அடைத்த அறையில் கரி கணப்பு வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். வீட்டில் எல்லோரிடமும், தங்க வரும் விருந்தினரிடமும் தயவுசெய்து சொல்லி வையுங்கள்.

அப்புறம் கீசர். 25 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 1.2 யூனிட் ஆகும். 2000 வாட் கீசருக்கு அரை மணிக்குச் சற்று மேல். குளிக்கும் முன் போட்டு, சூடானதும் அணைத்துவிடுங்கள். நாள் முழுக்க ஆனில் விட்டால், யாரும் குளிக்காமலேயே ஆறும் சூட்டை ஈடுகட்ட அது மறுபடி மறுபடி ஓடும். ஸ்டார் மதிப்பீடு பார்ப்பதும் இந்த ஆறிப்போகும் இழப்பைத்தான்.

சேலத்தில் போர் தண்ணீர் பிடிக்கும் வீடுகளில் உப்புதான் பெரிய தொல்லை. கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் காயிலைச் சுற்றி வெள்ளையாக ஓடு கட்டிவிடும். அதனால் பில் பெரிதாக ஏறாது, சூடு எப்படியும் தண்ணீருக்குத்தான் போகும். ஆனால் உள்ளே வெப்பம் தேங்கி காயில் எரிந்துவிடும், புதுக் காயில் செலவு வரும். சர்வீஸில் உப்பைத் தட்டி எடுப்போம், கூடவே மெக்னீசியம் ராடையும் பார்ப்போம். நம் சேலத்து வெள்ளைக்கல்லில் (மாக்னசைட்) இருக்கும் அதே மெக்னீசியம்தான். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க அது கரைந்துகொடுக்கிறது. கழற்றும்போது பென்சில் போல மெலிந்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். ராடு போனால் அடுத்தது டேங்க்தான்.

பிளக்கையும் தொட்டுப் பாருங்கள். ஹீட்டர் ஓடும்போது கொதித்தாலோ, முனை பழுப்பாகியிருந்தாலோ, உடனே நிறுத்திவிட்டுச் சொல்லியனுப்புங்கள். 16 ஆம்ப் சாக்கெட் தவிர வேறெதிலும், முக்கியமாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், ஹீட்டரைச் சொருகக் கூடாது.

மார்கழி பிறந்தால் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் சர்வீஸுக்குக் கூப்பிடுவார்கள். கார்த்திகைக்குள் சொல்லிவிட்டால் நிதானமாகச் செய்து தர முடியும். டேங்க் ஆறிய பிறகுதான் கழற்ற முடியும் என்பதால், நாங்கள் வருகிற நாளில் காலையில் எல்லோரும் குளித்ததும் கீசரை அணைத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஹீட்டர், கீசர் சர்வீஸ் கடையினர்,
ஏற்காடு