ஒன்பது பேரை அனுப்பியது யார்?

நமது கூடைப்பந்துக் கழகத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர் அனைவருக்கும்,

வணக்கம்.

கழகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. மட்டக்களப்பில் இதை வாசிக்கிறவர்களில் பாதிப்பேருக்கு எந்தக் கழகம் என்று தெரியும்; மற்றவர்களுக்குத் தெரியவேண்டிய தேவையில்லை. கோச்சின் பெயரையும் எழுதப்போவதில்லை. நாளைக்கு அவர் வேறோர் இடத்தில் வேலை கேட்டுப் போனால், அவருக்கு முன்னால் இந்த மடல் போய் நிற்கக்கூடாது.

வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவரை விலக்கும் தீர்மானம் வரவிருப்பதாக அறிந்தேன். எனக்கு இப்போது வாக்கு இல்லை. பதினொரு வருடம் இந்தக் கழகத்துக்காக விளையாடி, நான்கு வருடம் செயலாளராக இருந்து, முழங்கால் போனபின் ஒதுங்கிக்கொண்டவன். கூட்டத்தில் எழுந்து பேச முடியாதவன் ஊரறிய எழுதத்தானே வேண்டும்.

அவரை வைத்திருக்க வேண்டும் என்பது என் பக்கம். ஒப்பந்தத்தில் இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது, அதுவரையாவது. அவர் குறையில்லாதவர் என்று நான் சொல்லவில்லை. அவருடைய குறைகளை உங்களைவிட நன்றாகவே சொல்வேன். முதலில் இறக்கிய ஐவரைப் பிடித்தால் விடமாட்டார். பெஞ்சில் இருக்கிற பிள்ளை பனியனைக் கழற்றிவைத்துவிட்டு நாலு முறை எழுந்து உட்கார்ந்தாலும் கண்டுகொள்ளமாட்டார். ஆட்டத்தை நிறுத்தி அணியோடு பேசக் கிடைக்கும் டைம் அவுட்டை, கஞ்சன் காசைப் பொத்தி வைப்பதுபோலக் கடைசிவரை வைத்திருந்து, ஆட்டம் கைவிட்டுப் போனபின் எடுப்பார். பெற்றோரிடம் இரண்டு வார்த்தை இதமாகப் பேசத் தெரியாது. கோபம் வந்தால் குரல் வாவியைத் தாண்டிப் போகும். இவற்றையெல்லாம் அவருடைய முகத்துக்கு நேரே நான் சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொண்டு நின்றார். மறுநாளும் அதே ஐவர்தான்.

ஆனால் உங்கள் குற்றப்பத்திரத்தின் முதல் வரி இவற்றில் ஒன்றும் இல்லை. கொழும்பில் மூன்று ஆட்டத்திலும் தோற்றதுதான் முதல் வரி. அந்தப் பயணத்தில் நானும் போனேன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

கூடைப்பந்தில் ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேரைப் பதியலாம். நாங்கள் ஒன்பது பேரோடு போனோம். இரவு பஸ்ஸில் ஏறி, விடியற்காலை கொழும்பில் இறங்கி, முகம் கழுவி, பத்து மணிக்கு முதல் ஆட்டம். இரண்டாவது ஆட்டத்தில் நெடியவனுக்குக் கணுக்கால் பிசகியது. மூன்றாவதில் ஒருவன் ஐந்து பவுலோடு (விதிமீறலோடு) வெளியேறினான். மிஞ்சியது ஏழு பேர். அதில் ஒருவனுக்கு முதல்நாள் இரவிலிருந்து காய்ச்சல். நான்காவது காற்பகுதியில் நம் பிள்ளைகளின் கால்கள் ஓடவில்லை. 'ஆள் மாற்றத் தெரியாத கோச்' என்று அன்றிரவே நமது வாட்ஸ்அப் குழுவில் எழுதினீர்கள். மாற்றுவதற்கு எங்கே ஆள்? செலவு கட்டாது, ஒன்பது பேர் போதும் என்று முடிவு செய்தது எந்தக் கூட்டம்? கூட்டக் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். கோச் பன்னிரண்டு பெயர் எழுதிக் கொடுத்திருந்தார். கடைசி மூன்று பெயரையும் சிவப்புப் பேனாவால் வெட்டியவர் கோச் அல்ல.

இன்னொன்று, தரை. நம் பிள்ளைகள் சீமெந்துத் தரையில் வளர்ந்தவர்கள். அங்கே நின்றால் கால் நிற்கும். தேய்ந்த சப்பாத்தோடு கொழும்பின் மரத்தளத்தில் ஓடிவந்து நிற்கப் பார்த்தபோது இரண்டடி வழுக்கிக்கொண்டு போனார்கள். அதைவிடப் பெரிய சங்கதி காற்று. வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கிற திடலில், பந்தை உயர எறிந்தால் அது கூடையை விட்டு விலகிப் போகும் என்று நம் பிள்ளைகள் தாங்களாகவே தாழ்த்தி எறியப் பழகிக்கொள்கிறார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. கூரை போட்ட அரங்கில், காற்றே இல்லாத இடத்தில், அதே தாழ்ந்த எறிகை வளையத்தின் முன்விளிம்பில் பட்டுப் பட்டுத் திரும்பியது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். கார்த்திகை வந்தால் மழை; தை வரைக்கும் திடலில் தண்ணீர் நிற்கும், பயிற்சி பாதி நாள் இல்லை. உள்ளரங்கு நேரம் பெற்றுத் தரும்படி கோச் இரண்டு கடிதம் எழுதினார். பதில் போனதா என்று செயலாளர்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளத்தில் வேளாண்மை போனதற்கு, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையை மாற்றுகிற கதையாக இருக்கிறது இது. வாய்க்காலைத் திறக்காமல் விட்டாரா, கேளுங்கள். வானம் பெய்ததற்கும் அவரிடமா கணக்குக் கேட்பது?

இளைய உறுப்பினர்களுக்கு இப்போது என்பிஏ, அந்த அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடர், ஒரு வேதம். தப்பில்லை, நானும் பார்க்கிறவன்தான். 2025 ஜூன் 1, ஞாயிறு விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, நியூயோர்க் நிக்ஸ் இந்தியானாவிடம் ஆறாவது ஆட்டத்தில் தோற்றதை இங்கே எத்தனை வீட்டில் பார்த்தோம்! இரண்டு நாள் கழித்து நிக்ஸ் தங்கள் கோச் டொம் திபடோவை விலக்கியது. 82 ஆட்டங்களில் 51 வெற்றி, கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்றுக்கு 25 ஆண்டுகளுக்குப் பின் அணியைக் கொண்டுபோனவர். 'அவரையே அனுப்பினார்கள், நமது ஆளை அனுப்பினால் என்ன' என்று தம்பி ஒருவர் எழுதியதற்குப் பதினேழு பேர் கைதட்டியிருந்தீர்கள். முதல் ஐவரை விடாமல் ஓட்டுகிறவர் என்ற பெயர் திபடோவுக்கும் உண்டு என்பதால் ஒப்பீடு கச்சிதமாகத்தான் தெரிகிறது.

ஆனால் கதையின் மற்றப் பாதியையும் சொல்லுங்கள் தம்பி. அவரை அனுப்பும்போது நிக்ஸின் கையில் வேறு ஆள் இல்லை. வேறு அணிகளில் வேலையில் இருந்த ஐந்து கோச்சுகளிடம் பேச அனுமதி கேட்டார்கள். ஐந்து அணியும் மறுத்தன. ஒரு மாதம் அலைந்து கடைசியில் மைக் பிரவுணை எடுத்தார்கள். அவரோ 2023 இல் ஆண்டின் சிறந்த கோச் விருதை ஒருமனதாகப் பெற்று, 2024 டிசம்பரில் சக்ரமெண்டோவால் அனுப்பப்பட்டவர். திபடோவை அனுப்பிய தீர்மானம் சரியா பிழையா என்று நான் பேசவில்லை. நியூயோர்க்குக்கே ஒரு மாதம் பிடித்தது என்றால், மட்டக்களப்பில் இந்தச் சம்பளத்துக்கு யாரைக் கொண்டுவருவீர்கள் என்றுதான் கேட்கிறேன். பெயர் ஒன்று சொல்லுங்கள். ஒன்று போதும்.

அனுப்புவது எப்போதும் பிழை என்று நான் நினைக்கவில்லை. டிட்ரொயிட் பிஸ்டன்ஸ் 2024 இல் மொன்டி வில்லியம்ஸை விலக்கியது. அவருடைய ஒரே பருவத்தில் 14 வெற்றி, 68 தோல்வி, இடையில் தொடர்ந்து 28 தோல்வி. புதியவர் வந்த மறுபருவத்தில் 44 வெற்றி. 2014 இல் கோல்டன் ஸ்டேட் வொரியர்ஸ், 51 ஆட்டம் வென்ற மார்க் ஜாக்சனை அனுப்பிவிட்டு ஸ்டீவ் கேரைக் கொண்டுவந்தது. அடுத்த பருவத்தில் 67 வெற்றி, கிண்ணமும் வந்தது. இதை ஒப்புக்கொள்ளாமல் உங்களோடு வாதாடினால் நான் பொய்யன். ஆனால் கேர் வந்தபோது எதை மாற்றப் போகிறார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது: பந்து ஒருவர் கையில் தங்காமல் ஓடவேண்டும், பழைய ஆட்டக்காரர் ஒருவர் பெஞ்சுக்குப் போகவேண்டும். நீங்கள் கொண்டுவரும் ஆள் திங்கட்கிழமை மாலை திடலில் எதை மாற்றுவார்? இருக்கிற தரை, இருக்கிற ஒன்பது பேர், இருக்கிற காற்று.

வில்லியம்ஸுக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம். ஓராண்டில் அனுப்பினாலும் மீதி ஆண்டுகளின் சம்பளத்துக்கு அணி பொறுப்பு. நாம் இங்கே இரண்டு மாதச் சம்பளத்தைப் பாக்கி வைத்துக்கொண்டு விலக்கல் கடிதம் எழுதப் பார்க்கிறோம்.

எனக்கு இதிலே பிடித்த கதை மியாமியுடையது. 2010 இல் லெப்ரோன் ஜேம்ஸும் கிறிஸ் பொஷும் வந்து சேர்ந்த அணி, முதல் பதினேழு ஆட்டத்தில் ஒன்பதை மட்டும் வென்றது. வீடியோ அறையில் வேலை தொடங்கிய எரிக் ஸ்போல்ஸ்ட்ரா என்ற இளம் கோச்சை நீக்கு என்று நாடே கத்தியது. மேலே அணியின் தலைவராக இருந்தவர் பட் ரைலி; 2005 இல் ஒருமுறை தானே கீழிறங்கிக் கோச்சாகி, அடுத்த ஆண்டு கிண்ணம் வாங்கியவர். இந்த முறை அவர் இறங்கவில்லை. அந்தப் பருவத்தின் இறுதிச் சுற்றிலும் டல்லாஸிடம் தோற்றார்கள். அப்போதும் இறங்கவில்லை. 2012, 2013 இரண்டு ஆண்டும் கிண்ணம்.

சரி, அமெரிக்கா போதும். நம் ஊர்ச் சிக்கல் வேறு என்று எனக்குப் படுகிறது. விலக்க முடியாத கோச்சுகளிடம் வளர்ந்த ஊர் இது. புனித மிக்கேல் கல்லூரிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த இயேசுசபைத் துறவிகள் இந்த விளையாட்டை ஊன்றினார்கள். வெபர் அடிகளாரின் பெயரில் மைதானமே இருக்கிறது. ஹேபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார், இன்றுவரை வரவில்லை. அவர்கள் சம்பளத்துக்குப் பயிற்றுவிக்க வந்தவர்கள் அல்லர். பின்னால் வந்த ஆசிரியர்கள், வேலை விட்டு நேரே சைக்கிளில் திடலுக்கு வந்த பழைய மாணவர்கள், இவர்களையும் யார் விலக்குவது? தோற்றால் சேர்ந்து கவலைப்பட்டோம், அவ்வளவுதான்.

இப்போது காசு கொடுத்து ஒருவரை வைத்திருக்கிறோம். கொடுத்த காசுக்குக் கிண்ணம் எங்கே என்று, கடையில் மிச்சக்காசு கேட்பதுபோலக் கேட்கிறோம். சம்பளம் பிந்தும்போது மட்டும் அவர் சேவை செய்ய வந்தவராகிவிடுகிறார். இரண்டில் ஒன்றாக அவரை வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு வைத்தவர் என்றால், எதற்காக வைத்தோம் என்ற கடிதம் இருக்கிறது. 'பதினேழு வயதுக்கும் இருபது வயதுக்கும் உட்பட்ட அணிகளைக் கட்டியெழுப்புதல்' என்று அதில் எழுதியிருக்கிறது. கொழும்பில் மூத்த அணி வெல்லவேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு யாராவது திடலுக்குப் போயிருக்கிறீர்களா? அவர் வந்த புதிதில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிறுவர்கள். இன்று பந்து போதாமல் இரண்டு பேருக்கு ஒன்று. பத்து வயதுப் பிள்ளை, கூடைக்குக் கிட்ட ஓடிவந்து எறியும் லேஅப்பை இடக்கையால் போடுகிறது. எங்கள் காலத்தில் இருபது வயதிலும் நாங்கள் போடவில்லை. ஒரு சிஆர் கொப்பியில் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை ப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறிவது) எறிந்தது, எத்தனை விழுந்தது என்று வாரவாரம் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் கொப்பியைக் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மூத்த அணியை ஒவ்வோராண்டும் உயர்தரப் பரீட்சையும், கொழும்பு வங்கி அணிகளும், கட்டாரும் கனடாவும் கொண்டுபோய்விடும். அவரிடம் தங்குவது இந்தச் சிறுவர்கள்தான்.

கூத்துப் பழகுகிற ஊர்களில் உங்களுக்குச் சொந்தக்காரர் இருப்பார்கள், கேட்டுப்பாருங்கள். சட்டம், அதாவது அவரவர் வேடத்துக்கான பாட்டும் வசனமும், கொடுத்த பின் அரங்கேற்றத்துக்கு முன் எத்தனை சண்டை வரும்! முறுகிக்கொண்டு போகிறவர் பெரும்பாலும் ராசா வேடக்காரர். கூத்தைப் பழக்குகிற அண்ணாவியாரை யாரும் இடையில் மாற்றுவதில்லை.

இதை எழுதுகிற எனக்கும் ஒரு பழி இருக்கிறது. நான் செயலாளராக இருந்தபோது ஒரு கோச்சை விலக்கினோம். விலக்கினோம் என்றுகூடச் சொல்ல முடியாது, புதிய பருவத்தின் முதல் பயிற்சிக்கு அவருக்குச் சொல்லியனுப்பவில்லை. என் தங்கையின் மகனை அவர் பெஞ்சிலேயே வைத்திருந்தார் என்ற கோபமும் எனக்குள் இருந்தது, அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. மறுவருடம் கிண்ணம் வென்றோம், அவர் மூன்று வருடம் பழக்கிய அதே பிள்ளைகளை வைத்து. மாலை புதியவருக்கு. பழையவர் மதிலுக்கு வெளியே சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கையும் தட்டினார். நான் கண்டேன். போய்ப் பேசவில்லை.

ஞாயிறன்று அவரைக் கூப்பிடுங்கள், நாற்காலி கொடுங்கள். டைம் அவுட்டைப் பற்றிக் கேளுங்கள், பெஞ்சுப் பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள், குரலைக் குறைக்கச் சொல்லுங்கள், எழுதி வாங்குங்கள். ஆறு மாதத்தில் ஒருமுறை இப்படி உட்காருங்கள். அதன்பின்னும் விலக்குவது என்றே முடிவானால், பாக்கிச் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டு, காரணத்தை முகம் பார்த்துச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அல்ல.

இன்னொரு சின்ன விடயம். கூட்டம் மாலை ஐந்து மணிக்கு என்று அறிவித்திருக்கிறீர்கள். ஞாயிறு ஐந்து மணிக்குப் பதினேழு வயதுப் பிரிவுக்குப் பயிற்சி இருக்கிறது. அவர் திடலில் நிற்பார். கூட்டத்தை ஏழு மணிக்கு வையுங்கள்.

இப்படிக்கு,
கழகத்தின் முன்னாள் செயலாளர் ஒருவர்
மட்டக்களப்பு