பிளஸ் டூவுக்குப் பிறகு: மாற்றுத்திறன் மாணவர்களின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் பிளஸ் ஒன் மாணவர் ஒருவரின் தாயார் என் அறைக்கு வந்திருந்தார். மகனுக்குக் காது கேட்காது. "முதலில் பிளஸ் டூ முடிக்கட்டும் ஐயா, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அருகில் நின்ற மகனிடம் ஒரு தாளை நீட்டி, என்ன படிக்க ஆசை என்று எழுதிக் கேட்டேன். "கம்ப்யூட்டர்" என்று எழுதினான். அம்மாவுக்கே அது புதுச் செய்தி. சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறையுடையோருக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் இருப்பதைச் சொன்னதும் அவர் கண்கள் கலங்கிவிட்டன.

தேர்வு முடிவு வந்த பிறகு ஓடத் தொடங்கினால் பல கதவுகள் மூடியிருக்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடங்களும் 5 ஆண்டு வயது வரம்புத் தளர்வும் தருகிறது. ஆனால் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று கையில் இருக்க வேண்டும். யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். காலாவதித் தேதி இருந்தால் இப்போதே புதுப்பியுங்கள். சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற பொதுத்தேர்வுச் சலுகைகளுக்கும் முன்கூட்டியே விண்ணப்பித்தாக வேண்டும். அதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும், சான்றிதழ் நகல் மட்டும் கொடுங்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. 18 வயது நிறைந்துவிட்டால் பெற்றோர் தாமாகவே சட்டப்படியான பாதுகாவலராகத் தொடர்வதில்லை. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தேவையிருந்தால், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பாதுகாவலரை நியமிக்கக் கோரி மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். எல்லாருக்கும் இது தேவைப்படாது. தானே முடிவெடுக்கக் கூடிய பிள்ளையின் கையெழுத்து உரிமையை நாம் பறித்துக்கொள்ளக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

கல்லூரிதான் வழி என்று நான் சொல்லவில்லை. ஐ.டி.ஐ. இருக்கிறது, தொழிற்பயிற்சி இருக்கிறது, சொந்தக் கடையும் இருக்கிறது. எதுவானாலும் பிள்ளை தனியாகப் பஸ் ஏறவும், வங்கியில் பணம் எடுக்கவும், தனக்கு என்ன உதவி வேண்டும் என்று வெட்கப்படாமல் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். பாசத்தினால் நாமே எல்லாவற்றையும் செய்துகொடுத்துப் பதினேழு வயதுவரை கொண்டுவந்துவிடுகிறோம். இந்த வாரம் மளிகைச் சாமான் வாங்க அவர்களை அனுப்பிப் பாருங்கள். மீதிச் சில்லறை தவறினாலும் பரவாயில்லை.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளிக்கு வாருங்கள். சிறப்பு ஆசிரியர் ஒவ்வொரு குடும்பத்துடனும் தனித்தனியே அமர்ந்து பேசுவார். அடையாள அட்டை, மருத்துவச் சான்று, ஆதார் ஆகியவற்றின் நகல்களைக் கொண்டுவாருங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். முதல் கேள்வி அவரிடம்தான்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்