படிவத்தில் கையெழுத்திடவில்லை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

என் மகளைப் பளுதூக்குதலுக்காக விளையாட்டு விடுதியில் சேர்க்கும் படிவத்தில் நான் கையெழுத்திடப் போவதில்லை. இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், நேரில் வந்தும் சொல்லியிருக்கலாம். ஆனால் போன மாதம் காதுகுத்து விழாவில் நாலு பேர் நடுவே, "அக்காவுக்கு விளையாட்டின் அருமை தெரியாது" என்று நீ சொன்னாய். அந்த நாலு பேரும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள். ஆகவே பதிலும் அவர்கள் முன்னிலையிலேயே இருக்கட்டும். தாய்மாமன் பேச்சைச் சபையில் மறுப்பது முறையில்லை என்று அம்மா வருத்தப்படுவார். அம்மாவை முன்னிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உன்னை முன்னிட்டுக் கேட்பதா என்பதைக் கடிதம் முடியும்போது பார்க்கலாம்.

ஆகஸ்ட் 7 வந்து போயிருக்கிறது. 2021-ல் அந்தத் தேதியில்தான் டோக்கியோவில் நீரஜ் சோப்ரா ஈட்டியை 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். நீ தெருவுக்கே இனிப்பு வாங்கிக் கொடுத்தாய். 2024-ல் அதே தேதியில் 100 கிராம் எடை கூடியிருந்ததற்காக மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் இறுதிப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். அன்று இரவே பளுதூக்குதலில் மீராபாய் சானு 199 கிலோவோடு நான்காம் இடத்தில் நின்றார். வெண்கலம் வென்ற தாய்லாந்துப் பெண் தூக்கியது 200. ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குகிற ஸ்நாட்சில் இருவருக்கும் 88-தான். தோளில் நிறுத்திப் பிறகு மேலே தூக்குகிற கிளீன் அண்ட் ஜெர்க்கில் அவருக்கு 112, இவருக்கு 111. கடைசி முயற்சியில் 114 கிலோ கைநழுவியபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. உடனே என்னை அழைத்தாய், ஆனால் எதுவும் பேசவில்லை. நானும் தொலைக்காட்சிக்கு முன் எழுந்து நின்றுகொண்டுதான் இருந்தேன் என்பதை அன்று உன்னிடம் சொல்லவில்லை. விளையாட்டின் அருமை தெரியாதவள் அந்த நேரத்தில் எதற்காக நிற்கப் போகிறாள்?

பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தயாரிப்பில் மத்திய அரசு 16 விளையாட்டுகளுக்காகச் சுமார் 470 கோடி ரூபாய் செலவிட்டது. அதில் பளுதூக்குதலுக்கு ஏறக்குறைய 27 கோடி. அங்கே நம் நாட்டின் சார்பில் மேடையேறிய பளுதூக்கும் வீரர் மீராபாய் ஒருவர்தான். "இருபத்தேழு கோடியைக் கொட்டி நான்காம் இடமா" என்று முகநூலில் கேட்டவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதே. 140 கோடிப் பேருக்கு 470 கோடி என்றால், மூன்றாண்டுக்கும் சேர்த்துத் தலைக்கு மூன்றரை ரூபாய்கூட வரவில்லை. அதைக் கொண்டு ஒரு முட்டை வாங்க முடியாது. ஒரு வெள்ளிக்கும் ஐந்து வெண்கலத்துக்கும் இது அதிக விலை என்று சொல்லுகிற அளவுக்கு நான் கஞ்சத்தனம் பிடித்தவளும் இல்லை. அந்தப் பணம் எந்தப் படியில் வந்து சேருகிறது என்பதுதான் என் கேள்வி.

ஒலிம்பிக் பதக்க வாய்ப்புள்ளவர்களுக்காக மத்திய அரசு 2014-ல் தொடங்கிய டாப்ஸ் திட்டத்தின் முதன்மைப் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் கைச்செலவுக்கு மாதம் 50,000 ரூபாய், வெளிநாட்டுப் பயிற்சி, தனிப் பயிற்றுநர், பிசியோ என்று நீ அன்று விரல்விட்டு எண்ணிக் காட்டினாய். எல்லாம் உண்மை. ஆனால் பட்டியலில் பெயர் வருவதற்கு முந்தைய வருடங்கள் யார் கணக்கில் போகின்றன? மாவட்டம், மாநிலம், தேசிய ஜூனியர் என்று ஒவ்வொரு படியாக ஏறுகிற காலத்தில் செலவழிப்பது வீடு. வீடு என்று பொதுவாகச் சொன்னாலும் அங்கே எல்லோரும் ஒரே அளவில் செலவழிப்பதில்லை. பெரும்பாலும் வீட்டில் ஒருவர் செலவழிக்கப்படுகிறார்.

பிரிட்டன் கதையை நீதான் எனக்கு முதலில் சொன்னாய். 1996-ல் அட்லாண்டாவில் ஒரே ஒரு தங்கம், பட்டியலில் 36-ஆம் இடம். அதற்குப் பிறகு லாட்டரிப் பணத்தை உயர்நிலை விளையாட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். 2016 ரியோவில் 27 தங்கம், மொத்தம் 67 பதக்கம், இரண்டாம் இடம். நீ சொல்லாமல் விட்ட பாதியை நானே படித்துத் தெரிந்துகொண்டேன். ஜெயிக்கக்கூடிய விளையாட்டுக்கு அள்ளிக் கொடுப்பது, மற்றதற்குக் கையை விரித்துவிடுவது என்பதே அவர்கள் கொள்கை. நாடு முழுக்கப் பிள்ளைகள் ஆடுகிற கூடைப்பந்துக்குப் பதக்க வாய்ப்பில்லை என்று 2014-ல் நிதியை நிறுத்தினார்கள். ரியோவில் வெண்கலமே வென்ற பேட்மின்டனுக்கும் அடுத்த சுற்றில் நிதி இல்லை என்று அறிவித்தார்கள். இவ்வளவு பதக்கம் வந்த பிறகும், விளையாடுகிற பொதுமக்களின் எண்ணிக்கை அதற்கேற்ப உயரவில்லையே என்று அந்த நாட்டுக்காரர்களே இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

லண்டனில் நிபுணர்கள் கூடி வகுத்த இந்தக் கொள்கையை வேலூர் சத்துவாச்சாரியில் அப்பா ஓர் இரவுச் சாப்பாட்டின்போதே வகுத்துவிட்டார். யாரைப் படிக்க வைப்பது, யாரைத் தூக்க வைப்பது என்ற அந்தப் பேச்சை இங்கே திரும்ப எழுதத் தேவையில்லை. நீயும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். மறுவாரம் நான் இராணிப்பேட்டை ஷூ கம்பெனி வேனில் ஏறினேன். நர்சிங் சேருவதற்குப் போதுமான மதிப்பெண் என்னிடம் இருந்தது. நானும் வெண்கலம் வாங்கிய பேட்மின்டன்தான். ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிற பிரிவில் வாங்கிய முதல் சம்பளத்தில் உனக்கு மரக் குதிகால் வைத்த லிஃப்டிங் ஷூ வாங்கினோம். அதைத் திருப்பிப் பார்த்தபோது இடது காலின் ஓரத்தில் தையல் விட்டிருந்தது. மறுநாள் கம்பெனிக்கு எடுத்துச் சென்று, மதிய இடைவேளையில் சூப்பர்வைசருக்குத் தெரியாமல் நானே இரட்டைத் தையல் போட்டேன். அந்த ஷூ உன் காலில் கடைசிவரை பிரியவில்லை. அதில் எனக்கு இன்றும் பெருமைதான். இதைச் சொல்லிக்காட்டுவதாக நினைக்காதே, நினைத்தாலும் பரவாயில்லை.

தேர்வுப் போட்டிக்கு முந்தைய இரவைப் பற்றி நாம் ஒருமுறைகூடப் பேசியதில்லை. உன் உடம்புக்கு 69 கிலோப் பிரிவுதான் பொருந்தும் என்று தெரிந்தும், 62-ல் ஆள் குறைவு, பதக்கம் நிச்சயம், பதக்கம் வந்தால்தான் விடுதியும் உதவித்தொகையும் என்று உன் பயிற்சி மாஸ்டர் முடிவு செய்திருந்தார். ஆட்சியர் அலுவலகம் பக்கம் போகிற சர்வீஸ் ரோட்டில், வியர்த்து எடை குறைவதற்காக இரண்டு ஜெர்கினும் அதற்குள்ளே பிளாஸ்டிக் உறையும் மாட்டிக்கொண்டு நீ ஓடினாய். நான் சைக்கிளில் பின்னால் வந்தேன். சித்திரை மாத வேலூர், இரவு பத்து மணிக்கும் தார் சூடு அடங்கவில்லை. தண்ணீர் பாட்டில் என் கூடையில் இருந்தது, ஆனால் கொடுக்கக் கூடாது என்பது உத்தரவு. நீ நின்று கையை நீட்டினாய். நான் மூடியைத் திறந்து, ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பச் சொன்னேன். நீ துப்புகிறாயா, விழுங்குகிறாயா என்று தெருவிளக்கு வெளிச்சத்தில் உன் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ துப்பினாய். துப்பிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் அக்கா என்ற நினைப்பே இல்லை. நானும் அக்காவாக அங்கே நிற்கவில்லை; என் சம்பளம் வீணாகக் கூடாது என்று கணக்குப் பார்க்கிறவளாகத்தான் நின்றிருந்தேன். பணம் போட்டவர்களின் கண் அப்படித்தான் இருக்கும், தம்பி. அரசாங்கம் போட்டாலும் அப்படித்தான், அக்கா போட்டாலும் அப்படித்தான்.

காலையில் எடை சரியாக இருந்தது. உடம்பு சரியாக இல்லை. முதல் ஸ்நாட்ச் முன்பக்கம் விழுந்தது, இரண்டாவது பின்பக்கம். மூன்றாவதில் பார் தலைக்கு மேல் நின்றேவிட்டது. கூட்டம் கைதட்டியது, அப்பா எழுந்துவிட்டார். ஆனால் வலது முழங்கை ஒரு நொடி மடங்கி, பிறகு நிமிர்ந்ததை நானும் பார்த்தேன். ஒரு வெள்ளை விளக்கு, இரண்டு சிவப்பு; தூக்கியது செல்லாது. ஸ்நாட்சில் மூன்றும் போனால் மொத்தமே கிடையாது. நான்காம் இடம்கூட இல்லாமல், பட்டியலில் பெயருக்கு எதிரே எண்ணே இல்லாத இடம். நம் வீட்டில் அத்தனை வருடம் போட்ட பணத்துக்கு அதுதான் ரசீது. அன்று மாலை வீட்டில் என்ன நடந்தது என்பதை எழுதப் போவதில்லை.

அதற்குப் பிறகு ஜிம்மில் சிலருக்குப் போடப்பட்ட ஊசியைப் பற்றியும் இங்கே விரிவாக எழுத மாட்டேன். உன்னிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளும் அவர்கள் பெற்றோரும் இதைப் படிப்பார்கள். நீ மறுத்தாய் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். 2004 ஏதென்ஸில் நம் நாட்டுப் பளுதூக்கும் வீராங்கனைகள் இருவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்களே, அவர்களும் யாரோ ஒருவருடைய தங்கைகள்தாம். பதக்கத்துக்கு மட்டும்தான் பணம் என்றால், பதக்கம் எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டு மருந்துக்கடைவரை போகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

உன் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் நம் சத்துவாச்சாரிச் சதீஷ் சிவலிங்கம் 77 கிலோப் பிரிவில் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினாரே, மறுவாரமே உன் ஜிம் வாசலில் செருப்பு விட இடமில்லாமல் போனதை என் கண்ணால் பார்த்தேன். 2018-ல் கோல்டு கோஸ்டில் அவர் மறுபடியும் தங்கம் வாங்கியபோது பெண்பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். என் மகளை நீ முதன்முதலாகத் தோளில் உட்காரவைத்து அங்கே கூட்டிப்போனதும் அப்போதுதான். ஒரு பதக்கம் ஊருக்கு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அவருடைய தந்தை ராணுவத்தில் இருந்தவர், தாமே பளுதூக்கியவர். எந்த வயதில் எவ்வளவு ஏற்றலாம் என்று வீட்டிலேயே சொல்ல ஆள் இருந்தது. வந்து குவிந்த அந்தப் பிள்ளைகளுக்கு யார் இருந்தார்கள்? தேய்ந்துபோன ரப்பர் பிளேட்டுகளும் நீயும்தான். ஜெயித்தவர்களுக்குப் பரிசுத்தொகை அறிவித்தார்கள், கொடுக்க வேண்டியதுதான். செருப்பை வெளியே விட்டு வந்தவர்களுக்காக ஒரு புது பார்கூட வரவில்லை. வாடகையை நீ உன் சம்பளத்திலிருந்துதான் கட்டினாய், இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறாய். உன்னைப்போல முட்டாளை நான் பார்த்ததில்லை, உன்னைப்போல நல்லவனையும்தான்.

நார்வேயில் சிறு பிள்ளைகளின் போட்டிகளுக்குத் தரவரிசைப் பட்டியலே வெளியிடக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்தக் குட்டி நாடு 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கத்தோடு முதலிடம் பிடித்தது. அவர்களிடம் எண்ணெய்ப் பணமும் பனியும் இருக்கின்றன, நம்மிடம் பாலாற்று மணல்கூட மிச்சமில்லை என்பாய். சரிதான். ஆனால் நம்மிடம் சத்துணவு முட்டை இருக்கிறது. ஜெயிப்பானா மாட்டானா என்று கேட்காமல் பள்ளி நாளெல்லாம் ஒவ்வொரு பிள்ளையின் தட்டிலும் வைக்கப்படுகிற அந்த முட்டையைத்தான் தமிழ்நாட்டின் மிகப் பெரிய விளையாட்டு நிதி என்று நான் சொல்லுவேன். அதே மனசோடு வட்டாரத்துக்கு ஒரு நல்ல மேடையும், சம்பளம் வாங்குகிற ஒரு பயிற்றுநரும் தரட்டும். அதற்குமேல் டாப்ஸுக்கு எத்தனை கோடி கொடுத்தாலும் நான் வாய் திறக்க மாட்டேன்.

விடுதியில் எல்லாம் இலவசம், உனக்கு என்ன நஷ்டம் என்று கேட்டாய். 2036 ஒலிம்பிக்கை நடத்த இந்தியா விருப்பக் கடிதம் கொடுத்திருக்கிறது, அப்போது பாப்பாவுக்கு 24 வயது, சரியான வயது என்று கணக்கும் போட்டாய். இப்போது அவளுக்கு வயது 13. பதக்கம் காட்டாத பிள்ளையை அங்கே எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள் என்று ஒரு காலத்தில் கேட்டவனே நீதான். அவளுடைய தொண்டையை யாரோ ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு நிற்க நான் அனுமதிக்க மாட்டேன். அவளுக்கு ஒரு தம்பி இருப்பதையும் நான் மறந்துவிடவில்லை. அவன் இன்னொரு நானாக ஆகக் கூடாது.

ஆனால் அவள் தூக்கட்டும். உன் ஜிம்மில், உன் கண்ணெதிரில். பத்தாம் வகுப்பு முடியும்வரை அவள் எடையைக் குறைக்கும் பேச்சே கூடாது. எந்தப் பிரிவில் உடம்பு நிற்கிறதோ அந்தப் பிரிவு. போட்டிக்குப் போகலாம், தோற்றுவிட்டும் வரலாம். பிறகு அவளே விடுதிக்குப் போகிறேன் என்றால் அவள் வாயால் கேட்டு, நானே கையெழுத்திடுகிறேன். இதற்குச் சம்மதமென்றால் திங்கட்கிழமை மாலையிலிருந்து அனுப்புகிறேன். முட்டைக்கும் பாலுக்கும் ஆகிற பணத்தை ஒன்றாம் தேதி உன் கணக்கில் போட்டுவிடுவேன். அதை ஜிம் வாடகைக்குத் திருப்பிவிடாதே, உன்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அக்கா