சோழிங்கநல்லூருக்கு வரும் முத்துவுக்கு

அன்புள்ள தம்பி முத்து,

செப்டம்பர் 1 வேலையில் சேர்கிறாய், கூட இரண்டு பேரோடு வீடு எடுக்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னார்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஆளைத் தேடு, அப்புறம் வீட்டை. சென்னையில் பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பங்கு கட்டுபடியாகாமல் கையில் கிடைத்தவனை உள்ளே இழுப்பார்கள். "சுத்தமா இருப்பியா" என்று எவனிடமும் கேட்காதே, இல்லை என்று யார் சொல்வார்கள்? ஷிஃப்ட் எத்தனை மணிக்கு என்று கேள். நைட் ஷிஃப்ட்காரன் பகல் 11 மணிக்குத் தூங்கும்போது உன் குக்கர் விசிலடிக்கும். வீட்டில் சமைப்பானா, கறி மீன் சமைத்தால் முகம் சுளிப்பானா, சிகரெட் உண்டா, வாரக் கடைசியில் யார் யார் வந்து தங்குவார்கள் என்று கேள். கடைசியாக, போன வீட்டை ஏன் காலி செய்தான் என்று கேள். மற்ற எல்லோர் மேலும் குறை சொன்னால், அடுத்த குறை உன்மேல்தான்.

இனி, நட்பு முறியும் இடம்: அட்வான்ஸ். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அது பொருந்தாது. அந்த ஓட்டை வழியாகத்தான் ஐந்து மாதம், பத்து மாதம் எல்லாம் கேட்கிறார்கள். சட்டத்தைச் சொல்லிப் பேரம் பேசு, ஆனால் சண்டைக்குப் போகாதே.

வாடகை 24,000, அட்வான்ஸ் ஐந்து மாதம் என்று வை. 1,20,000, தலைக்கு 40,000. காலி செய்யும்போது பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கம். அதாவது தலைக்கு 8,000 திரும்பி வராது. இப்போது ஒருவன் எட்டாவது மாதம் கிளம்புகிறான். தன் இடத்துக்கு வரும் புது ஆளிடம் முழு 40,000 வாங்கிக்கொண்டு போய்விட்டால், அவன் அழுக்காக்கிய சுவருக்கும் சேர்த்துப் புது ஆள்தான் பணம் கட்டுவான். அதனால் இரண்டு வருஷம் இருப்பதாக வைத்து, அந்த 8,000-ஐ 24 மாதத்துக்குப் பரப்பு: மாதம் 333. எட்டு மாதம் இருந்தவன் சுமார் 2,700-ஐ விட்டுவிட்டு 37,300 மட்டும் வாங்க வேண்டும். குடிபோகும் அன்றே இதை ஒரு தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போடுங்கள். அக்ரிமென்ட்டிலும் மூன்று பேர் பெயரும் இருக்கட்டும். உன் பெயர் மட்டும் இருந்தால் ஓனர் உன்னை மட்டும்தான் பிடிப்பார். டூ பிஹெச்கேயில் அட்டாச்டு பாத்ரூம் அறையைத் தனியாக எடுப்பவன் 10,000, அடுத்த அறையில் இருக்கும் இருவரும் தலைக்கு 7,000 என்று பிரிப்பது நியாயம்.

கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும். முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினாலோ 101 முதல் 200 வரையிலான மலிவு ரேட்டும் போய்விடும். ஒன்றரை டன் ஏசி ராத்திரி 8 மணி நேரம் ஓடினால் சுமார் 6 முதல் 10 யூனிட், 60 ராத்திரிக்கு நீயே கணக்குப் போட்டுப் பார். ஏசி ஒரே அறையில் இருந்தால் அதற்கு ஒரு சப் மீட்டர் மாட்டச் சொல். ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தானே ரேட் சொன்னால், இபி கார்டு நம்பரைக் கேட்டுப் பழைய பில்லைப் பார்.

வீடு பார்க்கப் போனால் ஹாலை விட்டுவிடு, நேராகப் பாத்ரூமுக்குப் போ. குழாய் வாயிலும் ஷவர் ஓட்டைகளிலும் வெள்ளையாகப் படை படிந்திருந்தால் போர் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. கோடையில் லாரித் தண்ணீர் வாங்குவார்களா, அந்தக் காசு மெயின்டெனன்ஸில் சேர்ந்ததா தனியா என்று வாட்ச்மேனிடம் கேள். மேடவாக்கம், பெரும்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் என்றால் கிரவுண்ட் ஃப்ளோர் வேண்டாம். தெருமுனை டீக்கடையில் "2023 டிசம்பர் வெள்ளத்துல தண்ணி முட்டி வரைக்குமா, இடுப்பு வரைக்குமா?" என்று கேட்டால் புரோக்கர் சொல்லாததெல்லாம் தெரிந்துவிடும். ஓஎம்ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், மெட்ரோ வேலை நடப்பதால், ஆபீஸுக்குப் போகும் நேரத்திலேயே ஒரு முறை வண்டியில் போய்ப் பார்.

"ஃபேமிலியா, பேச்சிலரா?" என்ற கேள்விக்குப் பொய் சொல்லாதே, பத்து நாளில் பக்கத்து வீட்டு மாமி சொல்லிவிடுவார். வீட்டைக் காட்டாமலே, பிடித்துவைக்க என்று போனில் டோக்கன் பணம் கேட்பவனுக்கு ஒரு ரூபாய் அனுப்பாதே. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை போகும், அதையும் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இப்போது ஆடி. யாரும் வீடு மாற மாட்டார்கள், டூ-லெட் போர்டுகள் தொங்கிக்கொண்டிருக்கும், ஓனர்களும் கொஞ்சம் இறங்கி வருவார்கள். டோக்கனை இந்த மாதமே கொடுத்துவிடு. பால் காய்ச்சுவதை ஆவணியில் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அண்ணன்