விருதுப் பட்டியல் தயாரிக்கும் உங்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தினருக்கும், ஆசிரியர் விருதுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

நீங்கள் நடத்தும் பாராட்டு விழாக்களில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறவள் நான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி ஆளாக்கிய தாய். அரங்கம் பிடிப்பது, நன்கொடை திரட்டுவது, அழைப்பிதழ் அச்சிடுவது, யார் மனமும் கோணாமல் இருக்கை போடுவது என்று அந்த ஒரு நாளுக்காக நீங்கள் எத்தனை நாள் அலைகிறீர்கள் என்பது தெரியும். அதற்கு முதலில் நன்றி. உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றுதான். ஒருவரை மேடைக்கு அழைக்கும்போது, அவர் என்ன செய்தார் என்று சொல்லுங்கள்.

இப்போது பெயர் வாசிக்கப்படுகிறது, எத்தனை ஆண்டு பணி என்று சொல்லப்படுகிறது, ‘அர்ப்பணிப்பு உணர்வோடு பணியாற்றியவர்’ என்ற வரி வருகிறது. அடுத்தவருக்கும் அதே வரிதான். நினைவுப் பரிசோடு அவர் கீழே இறங்கும்போது, அவருடைய வகுப்பில் படித்தவர்களைத் தவிர அரங்கத்தில் யாருக்கும் அவரைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிந்திருப்பதில்லை. பக்கத்து வகுப்பில் பாடம் நடத்துகிறவருக்குக்கூடத் தெரியாது.

சொல்வதற்கு விஷயம் இல்லாமலா? பக்கத்தில் இருப்பவனின் நோட்டைப் பார்த்து எழுதும் பையனைத் திட்டாமல், அவனுக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை என்று கண்டுகொண்டு, முன் பெஞ்சில் உட்கார வைத்து, வீட்டுக்குச் சொல்லி அனுப்பி, கண்ணாடி வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் வகுப்பாசிரியர் இருக்கிறார். தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டி, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அவள் வீட்டில் நிற்கிறாள் என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஒரு வழி செய்துவிட்டு வரும் ஆசிரியை இருக்கிறார். எட்டாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளை, மற்றவர்கள் முன்னால் கூனிக்குறுக விடாமல், பள்ளி விட்ட பிறகு தனியாக உட்கார வைத்து வாசிக்கப் பழக்குகிறவர் இருக்கிறார். இவற்றில் எதுவும் மதிப்பெண் பட்டியலில் ஏறுவதில்லை. பள்ளி ஆண்டறிக்கையிலும் இவற்றுக்கு இடமில்லை.

உலக அளவில் தரப்படும் விருது ஒன்றைப் பாருங்கள். 10 லட்சம் டாலர் மதிப்புள்ள ‘குளோபல் டீச்சர்’ பரிசை 2019இல் கென்யாவின் பீட்டர் தபிச்சி பெற்றார். வறண்ட நாட்டுப்புறத்தில், பெயருக்கு ஒரு கணினி மட்டுமே இருந்த பள்ளியில் அறிவியல் ஆசிரியர். சம்பளத்தில் 80 விழுக்காட்டை ஏழை மாணவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் கொடுத்துவந்தவர். மறு ஆண்டு அதே பரிசு மகாராஷ்டிரத்தின் ரஞ்சித்சிங் திசாலேவுக்குப் போனது. பாடநூலில் கியூஆர் குறியீட்டைப் பதித்து, பாடத்தின் ஒலியையும் காணொளியையும் பிள்ளைகளுக்கு எட்டவைத்தவர். பரிசுத் தொகையில் பாதியை, இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது பேருக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டார். அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். உலகெங்கும் உள்ளவர்கள் இந்த இருவரையும் தெரிந்துவைத்திருக்கக் காரணம், அவர்கள் செய்தது விவரமாகச் சொல்லப்பட்டது. உங்கள் பள்ளியில் இருப்பவர்களைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியும். பக்கத்திலேயே இருக்கிறவர்கள், கேட்டால் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளி என்றால் ஆசிரியர் மட்டுமா? பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போவதற்கு முன்னால், பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிப் பதிவேட்டிலும் என் மகளின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததைக் கண்டுபிடித்தவர் பள்ளி அலுவலக எழுத்தர். யாரும் அவரிடம் கேட்கவில்லை. அத்தனை பிள்ளைகளின் சான்றிதழையும் எடுத்துவைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்திருக்கிறார். எந்த அலுவலகத்தில் எந்த மனுவைக் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, கடைசி நாளுக்குள் முடிந்ததா என்று இரண்டு முறை தொலைபேசியிலும் கேட்டார். அந்த ஓர் எழுத்து அப்படியே போயிருந்தால், கல்லூரிச் சேர்க்கையில் தொடங்கிக் கடவுச்சீட்டு வரை அவள் அலைந்திருப்பாள். அவர் ஓய்வு பெற்ற நாளில் பள்ளியில் விழா எதுவும் நடக்கவில்லை.

கழிப்பறையைத் தினமும் கழுவிச் சுத்தமாக வைக்கிற அம்மா இல்லையென்றால், பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் மாதத்தில் சில நாள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்களுக்கு விழும் வருகைக் குறிகளில் அவருடைய உழைப்பும் சேர்ந்திருக்கிறது. பேருந்து ஓட்டுநருக்கு, நேற்றுவரை வாயாடிய பிள்ளை இன்று பேசாமல் ஏறினால் தெரியும். சமையற்கூடத்தில் இருப்பவருக்கு, விடுமுறை முடிந்து வந்த அன்று எந்தப் பிள்ளை அவசர அவசரமாகச் சாப்பிடுகிறது என்று தெரியும். தலைமையாசிரியருக்கு அந்த வீட்டு நிலைமை அதன் பிறகுதான் தெரியவரும். உலகெங்கும் 46.6 கோடிப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் உணவு கிடைக்கிறது என்கிறது ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் 2024ஆம் ஆண்டுக்காக வெளியிட்ட அறிக்கை. அத்தனை தட்டுக்கும் யாரோ ஒருவர் விடியற்காலையில் அடுப்புப் பற்றவைக்கிறார். மே 16ஆம் நாளைக் கல்வி உதவிப் பணியாளர்களுக்கான உலக நாளாக ‘எஜுகேஷன் இன்டர்நேஷனல்’ என்னும் உலக ஆசிரியர் சங்கக் கூட்டமைப்பு கடைப்பிடிக்கிறது. அக்டோபர் 5 உலக ஆசிரியர் நாளுக்கு மேடை போடும் பள்ளிகளில் இந்த நாள் தெரிந்தவை எத்தனை?

இதில் உங்கள் கண்ணில் படாமல் போகக்கூடிய ஓர் ஓட்டை உண்டு. விழாப் பட்டியல் பெரும்பாலும் சம்பளப் பட்டியலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. தூய்மைப் பணியாளர், காவலர், ஓட்டுநர் போன்றவர்கள் பல பள்ளிகளில் ஒப்பந்தக்காரர் மூலமாக வருகிறவர்கள். பள்ளியின் சம்பளப் பட்டியலில் அவர்கள் பெயரே இருக்காது. வேண்டுமென்று யாரும் விடுவதில்லை, பட்டியல் அப்படி அமைந்துவிடுகிறது. பத்து ஆண்டுகள் அதே வாசலில் நின்று, பிள்ளைகள் அத்தனை பேரையும் முகம் பார்த்தே அடையாளம் சொல்லக்கூடிய காவலர், விழா நாளன்று வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு வெளியே நிற்கிறார். தயவுசெய்து பட்டியலை வாசலிலிருந்து தொடங்குங்கள். காலையில் பூட்டைத் திறப்பவர் யார், இரவில் பூட்டுபவர் யார் என்று கேட்டு எழுதுங்கள்.

ஊருக்கு ஆபத்து வந்தால் மக்கள் ஓடிவந்து தங்கும் இடமும் பள்ளிதான். வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால் வகுப்பறை தங்குமிடமாகிறது. தேர்தல் வந்தால் வாக்குச்சாவடியாகிறது. சாவி வைத்திருக்கிறவரும் தண்ணீர்த் தொட்டியை நிரப்புகிறவரும் ஊர்க்காரர்களைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த ஆசிரியரும் அங்கே இருப்பதால்தான் அது நடக்கிறது. 2020இல் கோவிட் காரணமாக 190க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளிகள் மூடப்பட்டன. இணையம் எட்டாத பிள்ளைகளுக்குப் பாடத்தாளை அச்சடித்து வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் ஆசிரியர்கள். அந்த மாதங்களில் உங்கள் பள்ளிப் பணியாளர்கள் யார் யார் என்ன செய்தார்கள் என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள். பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் பணி மாறிப் போகிறார்கள்.

ஆனால் சமூகப் பணியைப் பாராட்டுவதிலும் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. இத்தனை மணி நேரம் பொதுச் சேவை, அதற்கு இத்தனை புள்ளி என்று விருதுப் படிவத்தில் கட்டம் போட்டுவிட்டால், அது அடுத்த ஆண்டே சம்பளமில்லாத கட்டாய வேலையாகிவிடும். மனமுவந்து செய்ததை மதியுங்கள், மற்றவர்களிடம் அதையே கேட்காதீர்கள். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு, பாடவேளைக்கு ஒரு நாளும் தாமதிக்காமல் வந்து, நன்றாகப் பாடம் நடத்திவிட்டுப் போகும் ஆசிரியர் யாருக்கும் குறைந்தவர் அல்லர்.

கைதட்டல் சம்பளத்துக்கு ஈடாகவும் முடியாது. 1966 அக்டோபர் 5 அன்று ஆசிரியர்களின் நிலை குறித்து யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய பரிந்துரை ஏற்கப்பட்டது. அதன் நினைவாகத்தான் 1994 முதல் உலக ஆசிரியர் நாள் கொண்டாடப்படுகிறது. ஊதியம், பயிற்சி, பணிச்சூழல், உரிமைகள் இவையெல்லாம் அதில் பேசப்பட்டவை. தொடக்கப் பள்ளி ஆசிரியர் பணியை விட்டு விலகுகிறவர்கள் 2015இல் உலக அளவில் 4.62 விழுக்காடாக இருந்தார்கள். 2022இல் அது 9.06 ஆகிவிட்டது என்கிறது யுனெஸ்கோ. 2030க்குள் இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்றும் அதே அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. இருப்பவர்கள் போய்விடாமல் காப்பது நம் எல்லோருக்கும் முன்னால் இருக்கும் வேலை. தான் செய்தது ஒருவர் கண்ணிலாவது பட்டது என்று தெரிந்தால் சிலராவது தங்கக்கூடும் என்று நம்புகிறேன். சம்பளப் பாக்கியும் நிரப்பாத பணியிடங்களும் தீர்ந்தால் இன்னும் பலர் தங்குவார்கள். அதற்காகவும் நீங்கள் குரல் கொடுக்க வேண்டும்.

தேர்ச்சி விழுக்காட்டை வைத்து விருது கொடுப்பதைப் பற்றி நான் நீட்டிச் சொல்லப்போவதில்லை. படிக்கத் தயாராக வரும் பிள்ளைகளும், பசியோடு வரும் பிள்ளைகளும் ஒரே எண்ணில் அடங்க மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

செய்யக்கூடியது எளிது. விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே, படிக்கும் பிள்ளைகள், படித்து முடித்துப் போனவர்கள், பெற்றோர், உடன் வேலை செய்கிறவர்கள் எல்லோரிடமும் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். யார், எப்போது, என்ன செய்தார், அதனால் என்ன ஆனது என்று மட்டும் எழுதினால் போதும். எழுதத் தெரியாதவர் சொல்ல, மாணவர் ஒருவர் எழுதட்டும். பாராட்டப்படுகிறவரிடம் காட்டி, அவர் ஒப்புக்கொண்டதை மட்டும் மேடையில் வாசியுங்கள். பிள்ளைகளின் வீட்டு நிலைமையும் பெயரும் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறப்பு விருந்தினர் பேச்சில் பாதியைக் குறைத்தால் இதற்கு நேரம் கிடைத்துவிடும். வாசித்த பக்கங்களைத் தைத்துப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர் முதல் வாரத்தில் அதை எடுத்துப் படிக்கட்டும்.

அந்த எழுத்தர் பற்றிய என் பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். அவர் இப்போதும் அதே ஊரில்தான் இருக்கிறார். பக்கத்தை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லுங்கள், நேரிலேயே வந்து கொடுக்கிறேன்.

அன்புடன்,
ஒரு பெற்றோர்